ஏழு ஆண்டும் இருபத்தாறு நாளும்

தவசிலிங்கம் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது தம்பியின் நரைமுடியைப் பார்த்துத்தான்.

குளிர்மனையின் உள்கதவு திறந்து, நர்ஸ் குணசீலி அவன் முழங்கையைப் பிடித்து வரவேற்பறைக்குக் கூட்டிவந்தபோது, எதிரே நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தார். காதோரம் நரை. சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. கொஞ்சம் தொப்பை. அப்பா வழியில் யாரோ சொந்தக்காரர் என்று தவசி நினைத்தான். அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே" என்றார்.

அது ஆதிலிங்கம். மூன்று வயது இளைய தம்பி.

"எத்தனை நாளு ஆச்சு?" என்று கேட்டான் தவசி. நாக்கு இன்னும் மரத்துத்தான் இருந்தது.

ஆதி நர்ஸைப் பார்த்தான். குணசீலி இதைப் பலருக்குச் சொல்லிப் பழகியவள். "உங்களுக்கு இருபத்தாறு நாளு. எங்களுக்கு ஏழு வருசம். உள்ள குளிர்ல தூங்கும்போது நூறு நாளுக்கு ஒரு நாளுதான் உடம்பு நகரும். அப்படி வெச்சாத்தான் பச்சைச் சளி நெஞ்ச அரிக்காம நிக்கும். இப்பதான் அதுக்கு மருந்து வந்திருக்கு. உங்களுக்குப் போட்டாச்சு, சுத்தமாப் போயிட்டு. நீங்க கொடுத்துவச்சவங்க."

தவசி சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். முப்பத்துமூன்று வயது முகம், நேற்று சவரம் செய்தது போல. பக்கத்தில் முப்பத்தேழு வயது ஆதி. ஒரே அச்சு, ஒன்றின் மேல் மட்டும் மழை பெய்து வெயில் அடித்திருந்தது. எனக்கு வரவேண்டியதல்லவா முதல் நரை என்று தோன்றியது. அபத்தமான நினைப்புதான். ஆனால் அது ஒரு மீன்முள்ளைப் போல உள்ளே சிக்கிக்கொண்டது.

*

பாசி ஆலை உப்பளங்களுக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்தது. கப்பல்களுக்கான எண்ணெயைப் பிழிந்தெடுக்கும் பாசி, முந்நூறு குளங்களில் வளர்ந்தது. தவசி வேலை செய்து, நெஞ்சில் பச்சைச் சளி வாங்கிய காலத்தில் குளங்கள் கிளிப்பச்சையாக இருந்தன. இப்போது ஸ்கூட்டரில் தம்பியின் பின்னால் உட்கார்ந்து கரைவழியே போனபோது, அவை எல்லாம் பொன்னிறமாக மின்னின. யாரோ மஞ்சளைக் கரைத்துவிட்ட கடல் மாதிரி.

"புது ரகம்ணே. பொன்பாசி. மூணு வருசமாச்சு. பச்சைய விட ரெண்டு மடங்கு எண்ணெய்" என்றான் ஆதி.

வழியெல்லாம் ஆட்கள் அவனுக்குக் கை தூக்கினார்கள். "அண்ணாச்சி, பத்தொம்பதாம் குளத்துல பம்பு நிக்குது!" "அண்ணாச்சி, நாளைக்கு எனக்கு லீவு வேணும்!" ஆதி வண்டியை நிறுத்தி, தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் கேட்டதும் அவர்கள் எல்லாரும் சட்டென்று அமைதியானார்கள். பிறகு அவன் இரண்டு வார்த்தை சொன்னான். அவர்கள் தலையாட்டினார்கள்.

ஒருவன் தவசியைக் காட்டிக் கேட்டான்: "இது யாரு அண்ணாச்சி, தம்பியா?"

"இல்லல. எங்கண்ணன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆதியும் சிரித்தான். தவசியும் சிரித்துவைத்தான்.

வீட்டில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. இதை மட்டும் குளிர்மனையிலேயே சொல்லியிருந்தார்கள்; ஆனாலும் மாலையைப் பார்த்ததும்தான் அது நடந்ததாக ஆனது. ஐந்து வருடத்துக்கு முந்திய ஐப்பசியில், அடைமழையில்.

"கொள்ளி யாரு வெச்சா?"

"நான்தாம்ணே. வேற யாரு இருக்கா?"

தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும். தவசி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். அழுகை வரவில்லை. அவனுக்கு அந்த நெருப்பின் சூடு வேண்டியிருந்தது. அதுகூடத் தம்பியின் கையில்தான் பட்டிருந்தது.

*

மருந்து முடிந்தாலும் மூன்று மாதம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், அதுவரை ஆலைக்குள் கால் வைக்கக்கூடாது என்றார் கம்பெனி டாக்டர். ஆகவே தவசி வீட்டில் இருந்தான். ஆதி வேலைக்குப் போனான். ஆதியின் மணிக்கட்டில் 418 என்று எண் பொறித்த சாம்பல்நிறப் பட்டை இருந்தது. அது தவசியின் டோக்கன்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பதிலி. நிரந்தரத் தொழிலாளி படுத்துவிட்டால், அவன் வீட்டிலிருந்து ஒருவர் அவன் டோக்கனைக் கட்டிக்கொண்டு வரலாம். பதிலிக்குப் பாதிச் சம்பளம். ஆலைவாசலில் பட்டையைத்தான் பார்ப்பார்கள். முகத்தைப் பார்க்கக் கம்பெனிக்கு விருப்பமில்லை. பார்த்தால் பெயர் கேட்க வேண்டியிருக்கும், பெயர் கேட்டால் நாளைக்கு அந்தப் பெயர் வந்து நிரந்தரம் கேட்கும்.

இரண்டாம் வாரம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தவசி அதைச் சங்க அலுவலகத்துக்கு எடுத்துப்போனான். சங்கச் செயலாளர் அருள்ஜோதி, ஒரு காலத்தில் பம்பு அறையில் வேலை செய்து இரண்டு விரல்களை இழந்தவள். மீதி மூன்று விரலால் கடிதத்தை மேசையில் தட்டித் தட்டிப் படித்தாள்.

"என்ன சொல்லுதான் தெரியுதா? உங்க உடம்பு வாழ்ந்தது இருபத்தாறு நாளாம். அதனால மருத்துவ விடுப்புச் சம்பளம் இருபத்தாறு நாளுக்குத்தானாம். சர்வீஸும் இருபத்தாறு நாளுதான் கூடுமாம்."

"அப்ப ஏழு வருசம்?"

"அது உங்களுக்கு நடக்கவே இல்லையாம். பசிச்சுதா, வாடகை கொடுத்தீங்களா, வயசாச்சான்னு கேக்கான். ரிட்டயர் ஆகிறதும் உடம்பு வயசுப்படிதானாம், கடைசியில ஏழு வருசம் கூட வேலை பாத்துக்கிடலாமாம். ஒண்ணும் நட்டமில்லைங்கான்." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "சொல்லப்போனா கேக்க நியாயமாத்தான் இருக்கு. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

அவனுக்கு அந்த ஏழு வருடங்கள் ஒரு பெரிய மூடிய வீடாகத் தெரிந்தன. உள்ளே விளக்கு எரிந்தது, சிரிப்பும் அழுகையும் கேட்டன. எல்லாரும் உள்ளே இருந்தார்கள். ஆதி நடுவில் உட்கார்ந்திருந்தான்.

அருள்ஜோதி ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "வாங்க, வாங்க. ஆஜர்ப் பதிவு கிடைச்சிருச்சு. டோக்கன் நானூத்திப் பதினெட்டு, ஏழு வருசமும் வேலைக்கு வந்திருக்கு. நாலு வருசம் முன்ன மேஸ்திரியாவும் ஆக்கியிருக்கான். பேரு என்ன போட்டிருக்கு பாருங்க."

தவசிலிங்கம், த/பெ செல்லக்கனி.

"பதிலி பேரு எங்கேயும் இல்ல. கம்பெனி விதியிலயே இருக்கு: டோக்கனே தொழிலாளி. பதிலிங்க நிரந்தரம் கேட்டுரக் கூடாதுன்னு அவன் போட்ட விதி. இப்ப அவன் கழுத்துக்கே வருது. அவன் கணக்குப்படியே நீங்க ஏழு வருசம் வேலை பாத்திருக்கீங்க. பாதிச் சம்பளம் பாக்கி. சர்வீஸ் முழுசு. மேஸ்திரி வேலையும் உங்களுது."

"அப்ப ஆதி?"

அவள் சிரிப்பு சற்றுக் குறைந்தது. "அத நீங்கதான் யோசிக்கணும். நீங்க ஜெயிச்சா, ஆதி ஏழு வருசமா எங்கேயும் வேலை பாக்காதவன். காயிதத்துல இன்னும் முப்பது வயசுல நிக்கிற சும்மாயிருந்தவன். பாவம், நீங்க முடிக்காம அவன் முடிக்கக் கூடாதுன்னு கல்யாணமும் பண்ணாம இருந்திட்டான்."

தவசி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். சாயங்காலம் ஆதி வேலையிலிருந்து வந்து, திண்டில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செருமிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆட்களுக்கு ஆலைச் சண்டையைத் தீர்த்துவைத்தான். முழங்கால் வலிக்கிறது என்று தைலம் தடவினான். தவசிக்கு அந்த முழங்கால் வலிமீதும் பொறாமையாக இருந்தது. வலிக்கிற முழங்காலுக்குப் பின்னால் நடந்து தீர்த்த தூரம் இருக்கிறது. தன் முழங்கால் சின்னப் பையனுடையது போல வழவழவென்று மடங்கியது.

ஆதி குளிக்கப் போனபோது தவசி தனியாகக் கண்ணாடி முன் நின்று, தொண்டையைச் செருமிப் பார்த்தான். அந்தக் கனம் வரவில்லை.

மறுநாள் காலை சங்க அலுவலகத்துக்குப் போய் மனுவில் கையெழுத்துப் போட்டான்.

*

பேச்சுவார்த்தை மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் நடந்தது. மாடியில், மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றும் ஓர் அறை. நடுவில் தொழிலாளர் அதிகாரி. ஒரு பக்கம் கம்பெனியின் மேலாளர், விவேகன் என்ற இளைஞன், அழகாகப் பேசக்கூடியவன். இன்னொரு பக்கம் அருள்ஜோதியும் தவசியும். சுவரோரம் ஆதி, சாட்சியாக.

"அய்யா," என்றான் விவேகன், "தவசிலிங்கத்து மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஏழு வருசம் அவரை உயிரோட வெச்சிருந்தது நாங்க. அந்தச் செலவை நாங்க கேக்கல. ஆனா வாழாத நாளுக்கு எப்படிச் சம்பளம்?"

"வாழாத ஆளு எப்படி மேஸ்திரி ஆனாரு?" என்று ஆஜர்ப் பதிவை நகர்த்தினாள் அருள்ஜோதி. "இது யாரு பேரு? படிங்க தம்பி."

அதிகாரி பதிவைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். "இதுல வேற பேரே இல்லையே?"

"வேலை செஞ்சது பதிலி, அய்யா. எல்லாருக்கும் தெரியும்" என்றான் விவேகன்.

"எழுத்துல?"

விவேகன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு நாற்காலியைத் திருப்பி, நேராக ஆதியைப் பார்த்தான். "ஆதிலிங்கம், நீங்க சொல்லுங்க. ஏழு வருசம் வேலை பாத்தது நான்தான்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. இந்த விதியையே உங்களுக்காகத் தளர்த்துறோம். உங்க பேர்ல புது டோக்கன். ஏழு வருச சர்வீஸ், மேஸ்திரி பதவி, எல்லாம் உங்களுக்கு. அண்ணனுக்கு இருபத்தாறு நாள் சம்பளமும், விட்ட இடத்துல அவரோட பழைய வேலையும். யாருக்கும் நட்டமில்லை. நடந்ததைத்தானே எழுதச் சொல்றேன்?"

அருள்ஜோதிகூட அதை மறுக்க முடியாது, ஏனென்றால் அது உண்மையாகவே நடந்ததுதான்.

இனி ஆதியின் கீழ் தான் குளத்தில் இறங்கிப் பாசி வழிக்க வேண்டும். அவன் செருமினால் தானும் நிமிர்ந்து நிற்க வேண்டும். எழுதிவிடு, எழுதித் தொலை என்று மனசுக்குள் தம்பியை வைதான். எழுதினால் அவனை வெறுப்பதற்கு ஒரு காரணமாவது கிடைக்கும்.

ஆதி எழுந்தான். செருமினான். வழக்கத்தைவிட நீண்ட செருமல். கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"நான் வேலைக்குப் போனது எங்கண்ணன் எடத்துக்கு, அய்யா. என் எடத்துக்கு இல்ல. பட்டையில என்ன போட்டிருக்கோ அதுதான் உண்மை. வேலை பாத்தது நானூத்திப் பதினெட்டு."

சொல்லிவிட்டு மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அது இருந்த இடத்தில் தோல் வெள்ளையாக, ஒரு வளையம் போலத் தெரிந்தது.

*

தவசி ஜெயித்தான். ஊரே வீட்டுக்கு வந்தது. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஆதியின் கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "உன்ன மாதிரி தம்பி எவனுக்குய்யா கெடைப்பான்!" "விட்டுக்கொடுக்க ஒரு மனசு வேணும்லா, அதான் அண்ணாச்சி." தவசி தண்ணீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். எல்லாம் அவன் கைக்கு வந்துவிட்டது. அதைக் கொடுத்ததன் மூலம் ஆதி இன்னும் பெரியவனாகிவிட்டான். ஒருவனிடமிருந்து ஏழு வருடத்தை வாங்கலாம். இதை எப்படி வாங்குவது?

ஆலைக்குப் போன முதல் நாள், தவசி மேஸ்திரியாகக் கரையில் நின்றான். ஆட்கள் பம்படியில் நின்று சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். தவசி தொண்டையைச் செருமினான். சட்டென்று அமைதி. அந்த ஒரு கணம் அவனுக்குள் ஏதோ நிறைந்தது.

பம்பு ஓட்டும் ராஜகனி ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தான். "என்ன மேஸ்திரி, உங்களுக்குமா?"

"என்ன எனக்குமா?"

"கைக்குட்டைய விரிச்சுக் காட்டுங்க."

தவசிக்குப் புரியவில்லை. ராஜகனி அவனைப் பம்பறைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னான். பொன்பாசி வந்த பிறகு ஒரு புதுச் சளி கிளம்பியிருக்கிறது. மஞ்சள். பச்சை போல அடுத்தவருக்குத் தொற்றாது. ஆனால் உள்ளுக்குள் அரித்துவிடும். முதலில் ஒரு செருமல், பிறகு நீண்ட செருமல். பச்சைக்கு வந்த மருந்து இதற்குக் கேட்காது. இந்த வருடத்தில் மட்டும் நான்கு பேர். "யாராவது செருமினா எங்களுக்கு ஈரக்கொல நடுங்கிரும் மேஸ்திரி. அதான் எல்லாரும் வாயடைச்சுப் பாக்குதோம். ஆதி அண்ணாச்சி செருமும்போதெல்லாம் நாங்க... உங்களுக்குத் தெரியாதா?"

தவசி மதியச் சங்குக்குக் காத்திருக்கவில்லை. பாதி வேலையில் வீட்டுக்கு ஓடினான். அந்தச் சின்னப் பையனின் முழங்கால்கள் வழவழவென்று ஓடின.

கொல்லையில் ஆதி துணி அலசிக்கொண்டிருந்தான். கொடியில் ஏழெட்டுக் கைக்குட்டைகள். எத்தனை அலசினாலும் போகாத மஞ்சள் வட்டம் ஒவ்வொன்றிலும்.

"எத்தனை நாளால இது?"

ஆதி நிமிரவில்லை. "உன்ன எழுப்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியிலருந்து."

"கம்பெனி சொன்னத எழுதியிருந்தா உன் பேருல டோக்கன் வந்திருக்கும்லல! குளிர்மனைக்குப் போயிருக்கலாம்லல! இப்ப நீ யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ? டோக்கன் இல்லாதவனுக்கு என்ன தருவான்?"

"வீட்டோட இருக்கச் சொல்லி ஒரு சீட்டுத் தருவான்" என்றான் ஆதி. சிரிக்கப் பார்த்தான், செருமல் வந்தது.

"ஏன்ல இப்படிப் பண்ணினே? பெரிய மனுசன்னு பேரெடுக்கவா?"

ஆதி துணியை வாளியில் போட்டுவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். "பேரெல்லாம் ஒண்ணும் இல்ல. உன்னப் பாத்து எனக்கு எரிச்சலா இருக்கும்ணே. அதான் நெசம்."

"என்னப் பாத்தா?"

"வாரா வாரம் குளிர்மனைக்குப் போயி அந்தக் கண்ணாடி வழியாப் பாப்பேன். நீ குளுகுளுன்னு படுத்திருப்பே. ஒரு சுருக்கம் இல்ல. ஒரு கடன் இல்ல. அப்பா மூணு மாசம் படுக்கையில கெடந்தாரு, மலம் மூத்திரம் எல்லாம் நாந்தான். கடைசி நாள் தவசி எங்கலேன்னு கேட்டாரு. நான் பக்கத்துல இருக்கேன், அவரு உன்னத் தேடுதாரு. அன்னைக்கு உன்ன அப்படியே கண்ணாடிய ஒடைச்சு எழுப்பி இழுத்துட்டு வரணும்போல இருந்துச்சு." கையைத் துடைத்துக்கொண்டான். "கொள்ளி வைக்கும்போது சொல்லித்தான் வெச்சேன், அண்ணன் சார்பா வைக்கேன்னு. அங்கேயும் பதிலிதான். ஏழு வருசத்துல எனக்குன்னு ஒரு நாளு இல்ல. அந்த ஆபீசுல மேனேஜரு, ஏழு வருசமும் உனக்கேன்னு சொன்னான்ல, எனக்குக் கொமட்டிட்டு. யாராவது அத எடுத்துட்டுப் போனாச் சரின்னு இருந்துச்சு."

தவசி எதிரே ஈர மண்ணில் குந்தினான். கொடியில் கைக்குட்டைகள் காய்ந்தன. ஒரே வீட்டின் உள்ளேயும் வெளியேயும் நின்று, இத்தனை நாளும் அவரவர் அடுத்தவன் பக்கத்துக்கு ஏங்கியிருக்கிறார்கள்.

"கைய நீட்டு" என்றான் தவசி.

"எதுக்கு?"

"நீட்டுல."

ஆதி நீட்டினான். தவசி தன் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றி, தம்பியின் வெள்ளை வளையத்தின் மேல் வைத்துப் பூட்டினான். அச்சாகப் பொருந்தியது.

*

மறுநாள் காலை பத்து மணிக்குக் குளிர்மனையில் கூட்டம் இல்லை. குணசீலி நோயாளிகள் பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள். முதலில் ஆதியின் நரைத்த காதோரத்தைப் பார்த்தாள். ஏழு வருடம் வாராவாரம் கண்ணாடி முன்னால் வந்து நின்றவன் யார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பிறகு தவசியின் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன் அவளே கைப்பிடித்து வெளியே கூட்டிவந்த முகம்.

"நானூத்திப் பதினெட்டுக்கு மறுபடியும் உடம்பு சரியில்ல சிஸ்டர்" என்றான் தவசி.

அவள் கருவியை ஆதியின் மணிக்கட்டில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் பெயர் வந்தது. அவள் அந்தப் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டோக்கனைத்தான் பாக்கணும்னு எங்களுக்கு உத்தரவு" என்றாள் கடைசியில். "உள்ள வாங்க, தவசிலிங்கம்."

சம்மதப் படிவத்தில் உறவினர் கையெழுத்து வேண்டியிருந்தது. தவசி பேனாவை வாங்கினான். தன் பெயரின் முதல் எழுத்தைப் போடப் போன கையை நிறுத்தி, 'செ. ஆதிலிங்கம், தம்பி' என்று எழுதினான். வாழ்க்கையில் முதன்முறையாகத் தம்பியின் பெயரில் கையெழுத்துப் போட்டான். மேஸ்திரி பதவியும், முழுச் சம்பளமும், ஏழு வருடமும் அந்த ஒரு வரியில் போய்விட்டன. இனி அவன் பதிலி. பாதிச் சம்பளம்.

உள்கதவுக்கு முன்னால் ஆதி திரும்பி, பதிலி கட்டிக்கொள்ள வேண்டிய பட்டையைக் கழற்றித் தவசியிடம் கொடுத்தான். "முழங்கால் வலிக்கும்ணே, பாத்துக்கோ. மழைக்காலத்துல ரொம்ப."

"எனக்கு எங்கல வலிக்கும்?"

"வரும் வரும்" என்றான் ஆதி. "மூணாம் வருசத்துல வரும்."

விஷயம் தெரிந்தபோது அருள்ஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். "கிறுக்குப் பயலுவ! கஷ்டப்பட்டு ஜெயிச்சுக் கொடுத்தேன், அத அப்படியே கொண்டுபோய்க் குளிர்ல போட்டுட்டு வந்திருக்கான்!" வைது முடித்ததும் மேசையில் மூன்று விரலால் தட்டினாள். "சரி. இனி அடுத்த மனு. பதிலிக்கு ஒரு பேரு வேணும்னு. அதையாவது தோக்காம நடத்துவோம்."

*

முழங்கால் வலி ஆதி சொன்னபடியே மூன்றாம் வருடத்தில் வந்தது. தைலம் தடவும்போது தவசிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அருள்ஜோதியின் மனு இன்னும் நடந்துகொண்டிருந்தது. மஞ்சளுக்கு மருந்து இன்னும் வரவில்லை, வரும் என்றார்கள்.

நான்காம் வருடம் முடிந்த அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, தவசி சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குளிர்மனைக்குப் போனான். பல நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த தேதி அது. அன்றோடு அவனுக்கும் முப்பத்தேழு முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் படுத்திருப்பவனுக்கும் அதே வயது. பத்துப் பதினைந்து நாள் முன்னே பின்னே இருக்கலாம். நாளையிலிருந்து உடம்புக் கணக்கிலும் தவசிதான் மறுபடி மூத்தவன்.

அடுத்த கண்ணாடி முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். ஊருக்குப் புதிது போல. உள்ளே அவள் புருஷன். அவள் பெயர்ப்பலகையைப் படித்தாள், தவசியின் முகத்தைப் பார்த்தாள், உள்ளே இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே சாயல். இவரு உங்களுக்கு அண்ணனா, தம்பியா?"

பலகையில் தவசிலிங்கம் என்று போட்டிருந்தது. பதிவின்படி அண்ணன்.

"தம்பி" என்றான் தவசி. அவள் காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னான். "என் தம்பி."

அவள் போன பிறகு கண்ணாடியின் பக்கத்தில் நெருங்கி நின்றான். காதைத் திருப்பிக் காட்டினான். போன மாதம் வந்த மூன்று நரைமுடிகள். உள்ளே ஆதியின் காதோரத்தில் அன்றைக்கு இருந்த அதே நரை, ஒன்றுகூட அதிகமாகவில்லை. நெற்றியில் அன்றைக்கு இருந்த அதே கோடு. கவலை இல்லாத, கடன் இல்லாத, எதுவும் கேட்காத உறக்கம்.

தவசி செருமினான். பழக்கத்தில் கைக்குட்டையை விரித்துப் பார்த்தான். வெள்ளை. மடித்து வைத்துக்கொண்டான்.

தம்பியின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்த வாரமும் வருவேன் என்று சொல்லிவிட்டு, வலிக்கிற முழங்காலோடு படியிறங்கினான்.